கூடுதல் முன்பல்: இப்போதே எடுப்பதா, பொறுத்து எடுப்பதா, விட்டுவிடுவதா?

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மேல் முன்பல் விழுந்து மாதக்கணக்காகியும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே கூடுதலாக ஒரு பல் இருக்கிறது, அதுதான் வழியை மறிக்கிறது" என்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் மூன்று யோசனைகள் கிடைத்துவிடும். ஒருவர் நாளைக்கே எடுத்துவிடு என்பார். இன்னொருவர், எல்லாப் பாற்பல்லும் விழுந்து முளைக்கட்டும், பன்னிரண்டு பதிமூன்று வயதில் க்ளிப் போடும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். வலிக்காத பல்லை எதற்குத் தொட வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் கட்சி.

மூன்றுமே யாரோ ஒரு பிள்ளைக்குச் சரியான பதில்தான். பாலக்கோட்டில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு இந்த முடிவை எடுக்க வேண்டி வந்தபோது தருமபுரி, சேலம் என்று கேட்டுத் திரிந்தோம். நான் பல் மருத்துவன் இல்லை, தாய்மாமன். ஆனால் கேட்ட இடத்திலெல்லாம் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. நாள் குறிக்கும்போது பிள்ளையின் வயதையும் பள்ளி விடுமுறையையும் நாம் பார்க்கிறோம். டாக்டர்கள் பார்ப்பது கூடுதல் பல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் நிரந்தரப் பல்லின் வேரை. அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், அது கூடுதல் பல்தானா?

கீழ் முன்பல் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பின்னால் இன்னொரு பல் முளைத்து இரண்டு வரிசையாகத் தெரிவது ஆறு, ஏழு வயதில் மிகச் சாதாரணம். நிரந்தரப் பல் வந்துவிட்டது, பாற்பல் இன்னும் இடம் விடவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் பாற்பல் தானே விழுந்துவிடும், நாக்கு தள்ளித் தள்ளிப் புதுப்பல் முன்னுக்கு வந்துவிடும். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து இருப்பதை மட்டும் வைத்தும் பயப்பட வேண்டியதில்லை. கோரைப்பல் இறங்கும் பதினொன்று, பன்னிரண்டு வயது வரை பல பிள்ளைகளுக்கு அந்தச் சந்து இருக்கும், பிறகு மூடிக்கொள்ளும். இரண்டு பாற்பற்கள் ஒட்டி ஒரே அகலப் பல்லாகத் தெரிவதும் உண்டு.

சில குழந்தைகள் பல்லோடு பிறக்கும். வீட்டில் எல்லோரும் பதறிப்போய்ப் பிடுங்கிவிடச் சொல்வார்கள். அப்படி வரும் பற்களில் பத்துக்கு ஒன்பது, முன்னதாகவே முளைத்துவிட்ட பாற்பற்கள்தான். கூடுதல் பல் வெகு சில. அது பாற்பல்லாக இருந்து பிடுங்கிவிட்டால் அந்த இடம் ஆறேழு வயது வரை காலியாகத்தான் இருக்கும். மிகவும் ஆடி, கழன்று தொண்டைக்குள் போய்விடுமோ என்கிற நிலை இருந்தாலோ, பால் குடிக்கும்போது நாக்கின் அடியில் புண் வந்துகொண்டே இருந்தாலோதான் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். (மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று நம் பக்கம் சொல்வார்கள். தங்கை மகனுக்கு மேல்பல்தான் முதலில் வந்தது. மாமன் இதோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. ஒரு பக்க மேல் முன்பல் வந்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கத்துப் பல் வராமல் இருப்பது. கீழ் முன்பற்கள் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் மேலே ஒன்றையும் காணோம் என்பது. நடுப்பல் வருவதற்கு முன்பே அதற்கு அடுத்த பக்கப்பல் வந்துவிடுவது. முன்பல் திருகிக்கொண்டோ, சந்து மிக அகலமாகவோ இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

பாற்பல்லை எண்ணிப் பார்ப்பதும் நல்லது. மொத்தம் 20 இருக்க வேண்டும். கூடுதல் பாற்பல் பெரும்பாலும் பக்கத்துப் பல்லின் அச்சாக, வரிசையில் ஒழுங்காக நிற்கும் என்பதால் யார் கண்ணிலும் படாது. அதைத் தொட வேண்டாம், தானாக விழும். ஆனால் அப்படி ஒரு பல் இருந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு நிரந்தரப் பல்லிலும் கூடுதல் வரும். அதனால் ஆறு, ஏழு வயதில் ஒரு எக்ஸ்ரே தேவைப்படும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஏன் வருகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் பல்லில் என்ன கோளாறு என்றாலும் முதலில் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வோம். காரணம் இல்லாமல் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. இங்கே பல ஊர்ப் போர்வெல் தண்ணீர் அதைத் தாண்டியது. பழுப்புக் கறை படிந்த பற்களோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆனால் கூடுதல் பல்லுக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை. ஃப்ளோரைடு கெடுப்பது பல்லின் மேல்பூச்சான எனாமலை. வெண்திட்டு, பழுப்புக் கறை, முற்றினால் சிறு குழிகள் என்று வரும். எத்தனை பல் முளைக்க வேண்டும் என்கிற கணக்கில் அது கை வைப்பதில்லை. ஒரே பிள்ளைக்குக் கறையும் இருக்கலாம், கூடுதல் பல்லும் இருக்கலாம். இரண்டும் தனித்தனிச் சங்கதி. கர்ப்பத்தில் சாப்பிட்ட கால்சியம் மாத்திரையால் பல் அதிகமாகிவிட்டது என்று தங்கையிடமே ஒருவர் சொன்னார். அதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்திய தாய்க்குத்தான் நஷ்டம்.

உண்மையில் நடப்பது கருவின் ஆறாவது வாரத்திலேயே தொடங்குகிறது. தாடை உருவாகும் இடத்தில் வளைவாக ஒரு செல் பட்டை தோன்றும். அதிலிருந்து இடைவெளி விட்டு விட்டுப் பல் மொட்டுகள் கிளம்பும். தன் வேலை முடிந்ததும் அந்தப் பட்டை சிதறி மறைந்துவிட வேண்டும். சில இடங்களில் மிச்சம் இருந்து, அடங்காமல் தொடர்ந்து வேலை செய்தால் ஒரு மொட்டு அதிகமாகிவிடுகிறது. இன்று அதிகம் ஏற்கப்படும் விளக்கம் இது. ஒரே மொட்டு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு, பக்கத்துப் பல்லின் அச்சாக இருக்கும் கூடுதல் பல்லுக்கு அது பொருந்தி வருகிறது. ஆதி மூதாதையருக்கு இருந்த பல் திரும்பி வருகிறது என்ற பழைய கருத்தை இப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்குக் கட்டாயம் என்கிற நேர்க்கணக்கு கிடையாது. நிரந்தரப் பல் வரிசையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் இரண்டு மடங்கு. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மேல்தாடையின் நடுவில்.

நாலைந்து கூடுதல் பற்கள் என்றால் கதை வேறு. கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பு சரியாக வளராத ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்தப் பிள்ளைகளால் இரண்டு தோள்களையும் முன்னால் கொண்டுவந்து கிட்டத்தட்ட ஒட்டவைக்க முடியும். பாற்பல் விழாது, உள்ளே பற்கள் குவிந்து கிடக்கும். இன்னொன்று கார்ட்னர் நோய்க்குறி. அதில் குடலில் நிறையக் கட்டிகள் வரும், கவனிக்காவிட்டால் புற்றுநோயாகும். அதனால்தான் பல கூடுதல் பற்களைப் பார்க்கும் டாக்டர், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று கேட்கிறார். நாம் பல்லுக்காகப் போன இடத்தில் இந்தக் கேள்வி அபத்தமாகத் தோன்றும், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். இந்த இரண்டு நோய்களுக்குமே பெற்றோரில் ஒருவரிடமிருந்து மரபணு வந்தாலே போதும், அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்ததுதான் காரணம் என்று மாமன் வீட்டைத் திட்டுவதற்கும் இடமில்லை. உதடு, அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்கும் பிளவின் ஓரத்தில் கூடுதல் பல் அடிக்கடி இருக்கும்.

சென்னையில் 2019இல் ஏழு வயதுப் பையனின் தாடையிலிருந்து 526 பற்களை எடுத்த செய்தி எல்லோர் போனிலும் சுற்றியது. அது பல் திசுவால் ஆன ஒரு கட்டி, அதற்குள் சின்னச் சின்னப் பல் துண்டுகள். சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் எடுத்தார்கள். உங்கள் பிள்ளையின் எக்ஸ்ரேயில் தெரியும் ஒற்றைப் பல்லுக்கும் அதற்கும் எந்த ஒப்பீடும் வேண்டாம்.

எந்த மாதிரிப் பல்?

முடிவெடுக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கூம்பு வடிவப் பல் என்றால், அது முன்பல்லின் வேரோடு சேர்ந்தோ சற்று முன்னதாகவோ வளர்ந்துவிடும். சில வெளியே எட்டிப் பார்க்கும், சில தலைகீழாக மூக்கை நோக்கி நிற்கும். இது பெரும்பாலும் முன்பல் வருவதைத் தடுப்பதில்லை, தள்ளிவிடும் அல்லது சந்தை அகலமாக்கும். பீப்பாய் போலப் பருத்து, மேலே பல முகடுகளோடு இருப்பது இன்னொரு வகை. இது மெதுவாக வளரும், அநேகமாக வெளியே வராது, முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தின் பக்கம் உட்கார்ந்துகொண்டு அதை இறங்க விடாது. சில நேரம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். பஸ் படிக்கட்டில் நிற்பவர் இறங்காமல் பின்னால் இருப்பவர் இறங்க முடியாதல்லவா, அந்தக் கதை. மேல் முன்பற்களுக்கு நடுவே வரும் கூடுதல் பற்களில் தானாக வெளியே வருவது நாலில் ஒன்றுதான். மீதியை எக்ஸ்ரே இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது.

எக்ஸ்ரேயிலும் ஒரு நுணுக்கம். தாடை முழுவதையும் சுற்றி எடுக்கும் ஓபிஜி படத்தில் முன் நடுப்பகுதிதான் கொஞ்சம் மங்கலாக விழும். கூடுதல் பல் ஒளிந்திருப்பதும் அங்கேதான். அதனால் ஓபிஜியில் ஒன்றும் இல்லை என்றாலும் சந்தேகம் இருந்தால் வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரே வேண்டும். அதையே இரண்டு கோணத்தில் எடுத்தால் கூடுதல் பல் முன்னால் இருக்கிறதா, அண்ணத்தின் பக்கம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். ஆனால் செலவும் கதிர்வீச்சும் அதிகம். அறுவை சிகிச்சை முடிவாகி, சின்ன எக்ஸ்ரேயில் இடம் தெளிவாகாதபோது எடுத்தால் போதும். ஓபிஜியில் படும் கதிர்வீச்சு சில நாட்களில் இயற்கையாகவே நம்மீது படும் அளவுதான், அதற்காகப் பயந்து எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடுவது வீண்.

இனி முடிவு

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் நடு முன்பல்லின் தலைப்பகுதி நாலைந்து வயதில் உருவாகி முடிகிறது. அதற்குப் பிறகு வேர் வளரத் தொடங்கும். ஏழு, எட்டு வயதில் பல் வெளியே வரும். வேர் முழுதாக முடிவது பத்து வயதில். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஐந்து, ஆறு வயதிலேயே எடுத்துவிடலாம் என்பவர்களின் வாதம், தடையை முன்கூட்டியே அகற்றினால் முன்பல் தன் நேரத்துக்கு, தன் இடத்துக்கு வரும் என்பது. பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளாது, முகத்தின் நடுக்கோட்டிலிருந்து பல் வரிசை விலகாது. வாதம் சரிதான். விலையும் இருக்கிறது. அந்த வயதில் முன்பல்லின் வேர் இப்போதுதான் தொடங்கியிருக்கும். எலும்பைத் திறந்து, அதன் ஓரத்திலேயே கருவியைக் கொண்டுபோனால் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்கு அடி படலாம். வேர் வளையலாம், வளர்ச்சி தடைபடலாம். கூடவே, ஐந்து வயதுப் பிள்ளை நாற்காலியில் அசையாமல் உட்காராது, எலும்புக்குள் இருக்கும் பல் என்றால் முழு மயக்கம் தேவைப்படும். அதன்பிறகு பல் டாக்டர் என்றாலே அலறும் பிள்ளைகள் உண்டு. ஆகவே இவ்வளவு சீக்கிரம் எடுப்பதை நான் இரண்டு நிலைமைகளில் மட்டும் ஏற்பேன். நிரந்தர வரிசையைச் சேர்ந்த கூம்புப் பல் வாய்க்குள் வெளியே வந்து நின்றால் எடுத்துவிடலாம். அது சாதாரணமாகப் பல் பிடுங்குவது போலத்தான். அல்லது அதைச் சுற்றி நீர்க்கட்டி உருவாவது எக்ஸ்ரேயில் தெரிந்தால்.

அடுத்தது, முன்பல்லின் வேர் மூன்றில் இரண்டு பங்கு வளரும் வரை பொறுத்து எடுப்பது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஏழு, எட்டு வயதில் வரும். எலும்புக்குள் இருக்கும் கூடுதல் பல்லைப் பாற்பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் இந்தக் காலத்தில்தான் எடுக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதல். வேர் அவ்வளவு வளர்ந்துவிட்டால் பக்கத்துப் பல்லுக்கு ஆபத்து குறைகிறது, அதே சமயம் தானாக இறங்கும் விசை இன்னும் மிச்சம் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் எடுத்தால் நாலில் மூன்று பிள்ளைகளுக்கு முன்பல் தானாகவே வந்து ஒழுங்காகிவிடுகிறது. க்ளிப்பும் வேண்டாம், இரண்டாவது அறுவையும் வேண்டாம்.

எனக்கு இதுதான் சரியாகப் பட்டது. தங்கை மகனுக்கு வலது முன்பல் வந்துவிட்டது, இடது வரவில்லை, அதற்குப் பின்னால் பீப்பாய் வகைப் பல் ஒன்று. இடது பல்லின் வேர் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. இன்னும் சில மாதம் பொறுத்து இன்னொரு எக்ஸ்ரே பார்த்துவிட்டு எடுக்கலாம் என்றார் டாக்டர். தங்கைக்குப் பொறுமை இல்லை. பள்ளியில் "ஓட்டைப் பல்லு" என்று கூப்பிடுகிறார்களாம். ஆனாலும் பொறுத்தோம். பல் பிறகு வந்தது, லேசாகத் திருகி.

பொறுப்பதில் ஒரு கண்டிஷன் உண்டு. காலியான இடம் சுருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கப்பல் அந்த இடத்துக்குள் சாய ஆரம்பித்தால், கூடுதல் பல்லை எடுத்த பிறகும் முன்பல் இறங்க இடம் இருக்காது. அதனால் சும்மா காத்திருக்கக் கூடாது, டாக்டர் சொன்ன இடைவெளியில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடம் சுருங்கத் தொடங்கினால் தகடு போட்டு இடத்தைப் பிடித்துவைப்பார்கள்.

பன்னிரண்டு வயதில் க்ளிப்போடு சேர்த்துப் பார்க்கலாம் என்பது கேட்கச் சுலபமான யோசனை. செலவு ஒரே தடவை, பிள்ளையும் பெரியவனாகிவிடுவான், ஊசி போட்டே எடுத்துவிடலாம், வேருக்கும் பயமில்லை. முன்பற்கள் ஏற்கெனவே வெளியே வந்து நேராக நிற்கின்றன, கூடுதல் பல் மட்டும் உள்ளே இருக்கிறது என்றால் இந்த யோசனை முழுக்கச் சரி. முன்பல் இன்னும் வரவில்லை என்றால் முழுக்கத் தவறு. வேர் முடிந்த பல்லுக்கு இறங்கும் விசை குறைந்துவிடும், அதற்குள் பக்கத்துப் பற்கள் இடத்தைப் பங்கு போட்டிருக்கும். முதலில் க்ளிப் போட்டு இடம் உண்டாக்கி, அப்புறம் ஈறைத் திறந்து பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, மெதுவாக இழுத்துக் கொண்டுவர வேண்டும். வருடக் கணக்கில் இழுக்கும் வேலை. ஏழாம் வகுப்பு வரை முன்பல் இல்லாமல் சிரிக்க வேண்டிய பிள்ளையின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எடுக்காமல் விட்டுவிடுவது. இதைச் சொன்னால் டாக்டருக்கு வேலை தெரியவில்லை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. முன்பற்கள் ஒழுங்காக வந்துவிட்டன, கூடுதல் பல் மூக்குப் பக்கம் உயரத்தில் தலைகீழாகக் கிடக்கிறது, நீர்க்கட்டி இல்லை, பக்கத்து வேரை அரிக்கவில்லை, அந்த இடத்தில் க்ளிப் போட்டுப் பல்லை நகர்த்தும் திட்டமும் இல்லை. இந்த நிலையில் அதைத் தேடிப் போய் எலும்பைக் குடைந்தால் நல்ல பல்லின் வேருக்குத்தான் சேதம். விட்டுவிட்டு அவ்வப்போது எக்ஸ்ரேயில் பார்ப்பதே நல்ல வைத்தியம். பிரச்சினை, நாம் பார்க்கமாட்டோம் என்பதுதான். வலி இல்லாத பல்லுக்கு மறுபடி யார் போவார்கள்? பழைய எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருக்கும், கூப்பிட்ட நேரத்துக்குப் போகும் வீட்டுக்கு மட்டும் இந்த வழி.

ஊசியா, மயக்கமா?

வெளியே வந்த பல், அல்லது அண்ணத்துப் பக்கம் மேலாக இருக்கும் ஒற்றைப் பல், சொன்னதைக் கேட்கும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் மரத்துப்போகும் ஊசி போதும். ஆழத்தில் இருக்கும் பல், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அல்லது பயந்த பிள்ளை என்றால் முழு மயக்கம் நல்லது. முழு மயக்கம் என்றதும் தாய்மார்கள் பயப்படுகிறார்கள். பாதி வேலையில் பிள்ளை துள்ளி, கருவி பக்கத்துப் பல்லில் படுவது அதைவிட மோசம் என்பது என் எண்ணம். ஆனால் மயக்க மருத்துவர் இருந்து, குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய ஆபரேஷன் தியேட்டரில்தான் அதைச் செய்ய வேண்டும், கிளினிக்கின் பின் அறையில் அல்ல. சாப்பாடு நிறுத்தி 6 மணி நேரம், தண்ணீர் நிறுத்தி 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியை மாற்றிவிடுவார்கள்.

எங்கே போவது?

எக்ஸ்ரே வரை உள்ளூரிலேயே முடித்துவிடலாம். அரசுப் பள்ளி, அங்கன்வாடிப் பிள்ளைகள் என்றால் ஆர்பிஎஸ்கே என்கிற தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். 18 வயது வரை அவர்கள் பார்ப்பார்கள், மேலே அனுப்பவும் சீட்டு தருவார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 2022 தொடக்கத்தில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் இப்போது இருப்பதால் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டியிருந்தாலும் முதலில் அங்கே கேட்டுவிடுவது நல்லது. செலவு பெரிதாக இருக்காது. தேதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் இந்த விஷயத்தில் எப்படியும் வேருக்காகக் காத்திருக்கிறோம்.

தனியார் கிளினிக்கில் வேகம் கிடைக்கும். அங்கே கேட்க வேண்டியது, எடுப்பது யார் என்பது. குழந்தைகள் பல் மருத்துவரோ, வாய் முக அறுவை நிபுணரோ வெளியூரிலிருந்து வந்து போகிறவர் என்றால், ஆறு மாதம் கழித்து யாரிடம் காட்டுவது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். பீப்பாய் வகை, இரண்டு பல், இடம் சுருங்கிவிட்டது என்று சிக்கலாக இருந்தால் நான் பல் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போவேன். குழந்தைப் பல், அறுவை, பல் சீரமைப்பு மூன்று பிரிவும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து ஒரு முடிவு சொல்வார்கள். தருமபுரி, அரூர்க்காரர்களுக்குச் சேலம் பக்கம். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குப் பெங்களூரு கோட்டைப் பகுதியில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கைக்கு எட்டும் தூரம். மாணவர்கள் வந்து வந்து வாயைத் திறந்து பார்ப்பார்கள், நாலு தடவை நடக்க வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை இருந்தால் சரி.

எடுத்த முதல் இரண்டு மூன்று நாள் மெல்லும் சாப்பாடு வேண்டாம் என்பார்கள். நம் ஊரில் அதற்குக் கவலையே இல்லை, ஆறவைத்த ராகிக் களியை உருட்டி விழுங்க வேண்டியதுதான், காரக் குழம்பு மட்டும் கூடாது. மே மாத விடுமுறையில் எடுத்தால் மாம்பழத்தைக் கடித்துச் சாப்பிட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிழிந்து கொடுக்கலாம்.

பல்லை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. முன்பல் இறங்குகிறதா என்று ஆறாவது மாதம் ஒரு முறை காட்ட வேண்டும். ஈறு உப்பி, பல்லின் விளிம்பு தெரியத் தொடங்கியிருந்தால் மேலும் பொறுக்கலாம். ஒரு வருடம் ஆகியும் அசைவே இல்லை என்றால் ஈறைத் திறந்து சங்கிலி ஒட்டி இழுக்கும் அடுத்த கட்டத்தைப் பல் சீரமைப்பு டாக்டரிடம் பேச வேண்டும். சில அறுவை நிபுணர்கள் முதல் தடவையே இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுவார்கள். முன்பல் மிக உயரத்தில் இருந்தாலோ, பிள்ளைக்குப் பத்து வயது தாண்டிவிட்டாலோ அது நியாயம். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு, இடம் தாராளமாக இருக்கும்போது, முதலில் கூடுதல் பல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கலாமா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.